திருப்பூரில் மூன்று பெயர்களைத் தேடி

திருப்பூரில் இறங்கியபோது என் பையில் இருந்தவை: இரண்டு செட் உடை, மடிக்கணினி, தண்ணீர் பாட்டில், சில வெற்றுப் படிவங்கள், மூன்று பெயர்கள் எழுதிய ஒரு தாள். அந்தத் தாளுக்காகத்தான் பயணம். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவில் புள்ளிவிவரம் பார்ப்பவள். நான் சேர்வதற்கு முன்பே, இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னால், எங்கள் குழு இங்குள்ள சில பனியன் கம்பெனிகளில் இதயப் பரிசோதனை முகாம் நடத்தியிருந்தது. வயது, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப் பழக்கம் ஆகியவற்றை வைத்து மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிட்டு ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள். பச்சைச் சீட்டு என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் உடனே பெரிய மருத்துவமனை. அந்தக் கணக்கு குளிர்நாட்டு மனிதர்களைப் பார்த்து உருவாக்கியது. நாற்பதைத் தொடாதவர்களுக்கு அநேகமாகப் பச்சைதான் கொடுக்கும்.

இப்போது புதிதாக ஒரு கணக்கு வந்திருக்கிறது. இடுப்பளவு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, பெற்றோருக்கு இதய நோய் இருந்ததா என்பது, இவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. பழையதைவிட இது மேலா என்று பார்ப்பது என் வேலை. முறை கடினமானதில்லை. இந்த விவரங்களையும் முகாமிலேயே குறித்துவைத்திருந்தார்கள். முகாமில் எடுத்த அதே எண்களைப் புதிய கணக்கில் போட்டால் சிலர் பச்சையிலிருந்து சிவப்புக்கு ஏறுவார்கள், சிலர் சிவப்பிலிருந்து பச்சைக்கு இறங்குவார்கள். பிறகு, உண்மையில் யாருக்கு மாரடைப்பு வந்தது என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வந்தவர் ஏறியிருந்தால் புதிய கணக்குக்கு நல்ல பெயர். வராதவர் ஏறியிருந்தால், ஒருவரை வீணாகப் பயமுறுத்தியதாக ஆகும்.

ஒரு கம்பெனியில் ஒன்பது பேர் பச்சையிலிருந்து சிவப்புக்கு ஏறினார்கள். பதிவேடோ ஒன்பது பேருக்கும் எதுவும் ஆகவில்லை என்றது. "ஒன்பதும் வீண் பயம். புதுக் கணக்கை விட்டுவிடலாம்" என்றார் எங்கள் குழுத் தலைவர். எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒன்பது பேருக்கும் போன் செய்தேன். ஆறு பேர் எடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார்கள். மூன்று எண்கள் உபயோகத்தில் இல்லை. மூன்று பேருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தலைவர் கேட்டார். மூன்று பேரை நேரில் பார்க்காமல் கணக்கை மூட முடியாது என்றேன். உன் பிடிவாதம் உன்னோடு என்று சொல்லிப் பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் தவறு நடந்தது. பழைய பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன்கண்ணாடிக்கு மேலே முருகன் படம், சுற்றிலும் மல்லிகைச் சரம். எல்லாரும் பெண்கள், எல்லார் மடியிலும் டிபன் பை, எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. என் கழுத்திலும் ஒன்று தொங்கியதால் யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. டிக்கெட் கேட்டு யாரும் வரவில்லையே என்று எனக்குத் தோன்றிய நேரத்தில் பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தது. பின்னால் கேட் மூடிக்கொண்டது.

"ஏனுங்க, புதுசுங்களா? செக்கிங்குங்களா, கைமடிங்களா?" என்றார் காவலாளி. தைத்ததைச் சரிபார்க்கும் வேலையா, டெய்லருக்குக் கையுதவியா என்று கேட்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

"நான் கணக்கு."

"ஆபீஸ் ஸ்டாபுக்கு வேற வண்டிங்க. நீங்க எதுக்குங்க லேபர் வண்டில வந்தீங்க?"

கம்பெனி பஸ்ஸில் தெரியாமல் ஏறிவிட்டேன் என்று சொன்னதும், பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "வந்தது வந்துட்டீங்க, ஒரு ஷிப்ட்டு பாத்துட்டுப் போங்க!" உள்ளே தையல் இயந்திரங்கள் ஒன்றாகப் புறப்பட்ட சத்தம் கேட்டது. சென்னையில் மழை தகரக் கூரையில் இறங்கும்போது அப்படி இருக்கும். இங்கே அது நாள் முழுக்க நிற்பதில்லை.

நான் போக வேண்டிய மருந்தறை இரண்டு தெரு தள்ளி, ஒரு பேக்கரிக்குப் பின்னால் இருந்தது. நான்கைந்து கம்பெனிகளுக்குப் பொதுவான இடம். அங்கே நர்ஸ் சரஸ்வதி அக்கா. இந்த ஊர்க்காரர், ஐம்பதை நெருங்குபவர். முகாமுக்குப் பிறகு எங்களுக்காகப் பதிவேட்டை எழுதிவந்தவர் அவர்தான். என்னைப் பார்த்ததும், சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். பதில் சொல்வதற்குள் டப்பாவைத் திறந்து அரிசிம்பருப்புச் சோற்றை ஒரு தட்டில் பாதி போட்டார். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வெந்தது, மேலே நெய். எங்கள் வீட்டில் இதைச் சாம்பார் சாதம் என்று நினைத்துவிடுவார்கள். இதில் புளி இல்லை, அவசரமும் இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். அழகான கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘மாரடைப்பு: ஆம் / இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். என் மூன்று பேருக்கும் ‘இல்லை’யில் டிக். கடைசியில் குறிப்பு என்ற இடத்தில் மூவருக்கும் ஒரே சொல்: ஊர்.

"இது என்னக்கா?"

"ஊருக்குப் போயிட்டாங்கன்னு அர்த்தம் கண்ணு. தீபாவளிக்குப் போறவங்க பாதிப் பேரு இந்தக் கம்பெனிக்குத் திரும்பறதில்லீங்க. வேற கம்பெனில சேந்துக்குவாங்க. நா யாரைன்னு போயித் தேடறது? ‘ஊர்’னு எழுதிப் போடுவேன்."

"அப்போ ‘இல்லை’யில் டிக்?"

"வந்ததுன்னு சேதி இல்லீல்ல. ரெண்டு கட்டந்தானே குடுத்தீங்க. ஒண்ணுல டிக் பண்ணோணுமில்ல?"

பக்கங்களைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஊர், ஊர், ஊர். சிலவற்றுக்குப் பக்கத்தில் தேதி இருந்தது. அவற்றில் பல தீபாவளியையோ பொங்கலையோ ஒட்டியவை இல்லை.

"நடுவில் ஏன் போகிறார்கள் அக்கா?"

"நடுவுல எவன் கண்ணு போறான்? ஆர்டர் ஓடறப்ப லீவே குடுக்க மாட்டாங்க. ஒடம்புக்கு முடியலீன்னாத்தான்..."

அக்கா அங்கேயே நிறுத்திக்கொண்டார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து வரிவரியாக இறங்கினார். நோய் வந்தவர்கள் ஊருக்குப் போகிறார்கள். ஊருக்குப் போனவர்களை எல்லாம் நலமாக இருப்பதாக நாங்கள் எண்ணியிருக்கிறோம். அந்தப் படிவத்தில் இரண்டே கட்டங்கள் வைத்தது அக்கா இல்லை. எங்கள் குழு.

சனிக்கிழமை ஊத்துக்குளி, வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். ரயிலில் கொஞ்ச நேரம்தான். பழனிசாமி கம்பெனியில் டெய்லராக இருந்தவர். இப்போது எருமை வளர்க்கிறார். வழி கேட்ட மூன்று இடத்திலும், "வெண்ணைக்குங்களா?" என்றுதான் கேட்டார்கள். வீட்டுக்குப் போனால் தலையில் துண்டோடு வைக்கோலை இறக்கிக்கொண்டிருந்தார். என் தாளின் முதல் பெயர், புதிய கணக்கின்படி கடும் சிவப்பு, ஒரு கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என்னை வரவேற்றது.

"வாங்க கண்ணு. எனக்கென்னங்க, கெணத்துக் கல்லாட்ட இருக்கறேன்."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஆமாமா, கல்லு. நேத்து ரெண்டு படி ஏறுனதுக்கே ஒக்காந்துக்குச்சு அந்தக் கல்லு."

"அது முட்டி வலிங்க. இவளுக்கு எல்லாமே நெஞ்சு வலி."

கேள்விகளைக் கேட்டேன். மாரடைப்பு இல்லை, மருத்துவமனை இல்லை, மாத்திரை இல்லை. புதிய கணக்கின் முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. ஆண்டுக்கொரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். "கேட்டுக்குங்க" என்றார் மனைவி. கிளம்பும்போது வாழையிலையில் பொதிந்து வெண்ணெய் கொடுத்தார்கள். ஓர் இதய ஆய்வாளருக்கு வெண்ணெய். வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் ஊரில் அது வருத்தமாம். வாங்கிக்கொண்டேன். முதல் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினேன். புதிய கணக்கு இவர் விஷயத்தில் வீணாகப் பயந்திருக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மாலையில் இரண்டாவது பெயர். பிரதீப், பீகார்க்காரர், அயர்ன் செக்‌ஷன். வரிசை வீடுகளில் ஓர் அறை. ஆறு பேர் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த கொஞ்ச இந்தியில் கேட்டேன். ஒருவர், அவன் போன வருடம் மழைக்கு முன்னால் ஊருக்குப் போனான் என்றார். எந்த ஊர் என்றால், ஒருவர் ஒரு மாவட்டம் சொன்னார், அடுத்தவர் வேறொன்று சொன்னார். நெஞ்சு வலி இருந்ததா என்றேன். "பன்னிரண்டு மணி நேரம் அயர்ன் பாக்ஸ் பிடித்துப் பாருங்கள், உங்களுக்கும் வலிக்கும்" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் இருந்தவர் மட்டும், "அவன் பெட்டியை இன்னும் எடுத்துக்கொண்டு போகவில்லை" என்றார். கட்டிலுக்கு அடியில் நீலத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் யாரோ செருப்பு வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயருக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டி. மூன்றாவது பெயர் அந்தோணி. முகாமின்போது முப்பத்தெட்டு வயது, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் டெய்லர், தூத்துக்குடிப் பக்கம். பழைய முகவரியில் வேறு ஆட்கள். அடுத்த சந்தில் கேளுங்கள் என்றார்கள். சந்து முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தவை எல்லாம் பனியன் துணியில் தைத்தவை: கால்மிதி, தலையணை உறை, தொட்டில்கூட. வேலைக்குப் போகாத நாளிலும் கம்பெனி அந்தச் சந்தில் தொங்கியது.

கதவைத் திறந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். கோயிலுக்குப் போய் வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை. அந்தோணி இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவிய செத்து ரெண்டு வருசம் ஆச்சு. நீங்க யாரு?"

சொன்னேன். முகாம் என்றதும் என்னை உள்ளே வரச் சொன்னார். அந்தோணியின் மனைவி, பெயர் ஜெசிந்தா. இப்போது வேறு கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலை. டாக்டரா என்று கேட்டார். இல்லை, கணக்குப் பார்ப்பவள் என்றேன். "பொம்பளைப் பிள்ளைலயும் கணக்குப்பிள்ளை உண்டா?" என்று லேசாகச் சிரித்தார். அடுப்பில் மீன் குழம்பு. "சாப்பிட்டுட்டுத்தான் போணும். ஆனா இது ஐஸு மீனு. எங்கூரு மீனுன்னு நெனச்சிராதிய."

சாப்பிடும்போதுதான் சொன்னார். முகாம் முடிந்து சில மாதங்கள். தைத்துக்கொண்டிருந்தபோது அந்தோணிக்கு நெஞ்சில் எரிச்சல். "நாந்தான் கேஸுன்னு சொல்லி சோடா வாங்கிக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோமான்னு கேட்டாவ. இந்தா சீட்டு இருக்குல்லா, பச்சை போட்டுக் குடுத்திருக்காவல்லா, உமக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ஆமா என்னன்னு அவியளும் விட்டுட்டாவ." பிறகு சோர்வாகவே இருந்தாராம். ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் பஸ் ஏறினார். அவசர ஆர்டர், ஜெசிந்தாவுக்கு லீவு இல்லை. போன நான்காம் நாள், விடியும் முன் அங்கேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று அந்த ஊர் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

அவர் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே அந்தப் பச்சைச் சீட்டு. மடித்த இடங்களில் வெளுத்திருந்தது.

"அடக்கத்தன்னைக்கு இதை எங்க மாமியார்ட்ட காட்டினேன். நான் சும்மா இருக்கல, டாக்டருட்ட காட்டித்தான் இருந்தோம்னு சொல்ல. அவிய வாங்கிப் பாத்துட்டு, ‘சீட்டு நல்லாத்தான இருக்கு. ஒண்ணுமில்லாத மனுசன நீ என்ன செஞ்ச?’ன்னு கேட்டாவ. ஊரே கேட்டுட்டு நின்னுச்சு. அதுக்குப் பொறவு நான் அங்க போகல. கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தி வைக்கல. அடுத்த மாசம் நினைவு நாள். போணும். எந்த முகத்த வச்சிட்டுப் போவ?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மடிக்கணினியில் அதே மனிதரின் அதே எண்கள். அவருடைய அப்பா நாற்பத்திரண்டில் இதய நோயால் இறந்தவர். அதைப் படிவத்தில் எழுதியும் இருந்தார். சர்க்கரை எல்லைக்குச் சற்றே கீழே. பழைய கணக்கு இரண்டையும் கேட்கவில்லை. புதியது கேட்டது. சிவப்பு என்றது.

சொல்லக் கூடாததற்கான காரணங்களை மனதில் வரிசைப்படுத்தினேன். விதி. என் வேலை. ஒரு பெயரை வைத்து எந்தக் கணக்கும் மேலானது என்று சொல்லிவிட முடியாது என்ற உண்மை. எல்லாவற்றுக்கும் மேல், சொன்னால் இவருக்கு வலிக்கும். சொல்ல வேண்டியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அந்தப் பச்சைச் சீட்டு இரண்டு வருடமாக இவரைக் குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கொடுத்தது நாங்கள்.

சொன்னேன். முடிந்தவரை எளிமையாக. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ரெண்டும் ஒரே ரத்தந்தானா?"

"ஒரே ரத்தம்தான்."

"அன்னைக்கே இந்தப் புதுக் கணக்கு இருந்திருந்தா?"

"சிவப்புச் சீட்டு வந்திருக்கும். அதன் பிறகு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது."

அவர் அழுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. வெளியே யாரோ தள்ளுவண்டியில் தட்டு வடை விற்றுக்கொண்டு போனார்கள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று மாலை குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். ஒன்பதில் ஒன்று ‘ஆம்’ ஆகியிருக்கிறது, ஒன்று தெரியாது, பதிவேட்டில் ‘ஊர்’ என்று இருக்கும் ஒவ்வொருவரையும் தேடி முடிக்காமல் எந்தக் கணக்கு மேல் என்று எழுத முடியாது என்றேன். "படிவம் நான் போட்டது" என்றார் அவர். முடிவு தள்ளிப்போயிருக்கிறது. சரஸ்வதி அக்கா மதிய இடைவேளையில் ஊர் ஊராகப் போன் செய்துகொண்டிருக்கிறார். "மூணாவது கட்டம் ஒண்ணு போட்டுக்கிட்டேன் கண்ணு, பேனாவுலயே" என்று செய்தி அனுப்பினார். பழனிசாமி கொடுத்த வெண்ணெய் ரயிலிலேயே உருகி, மூன்று பெயர்கள் இருந்த தாளில் எண்ணெய் படிந்துவிட்டது.

ஆனால் அந்த அறையில் நான் இன்னும் உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தா திரும்பி வந்து எதிரே அமர்ந்தார்.

"எனக்கு அந்தச் செவப்புச் சீட்டை எழுதித் தருவியளா?"

பையில் இருந்தவை அந்தச் சீட்டின் வெற்றுப் படிவங்கள்தான். மருத்துவர் கையெழுத்து போட முடியாது என்றேன். "கணக்கிட்டவர்" என்று கீழே ஒரு வரி உண்டு, அதில் போடுகிறேன் என்றேன். இது விதிக்கு மாறானது என்று எனக்குத் தெரியும். திரும்பியதும் தலைவரிடம் அதையும் சொன்னேன். பெயர் எழுதினேன். வயது முப்பத்தெட்டு. இடுப்பளவு, சர்க்கரை, அப்பாவின் நோய், ஒவ்வொன்றாக. ஆபத்து என்ற இடத்தில் ‘அதிகம்’. சிவப்புப் பேனா இல்லை. நீலத்தில்தான் எழுதினேன். கீழே, பழைய கணக்கு இதைக் காட்டவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். தேதி என்ற இடத்துக்கு வந்ததும், ரத்தம் எடுத்த நாளைப் போடப் பேனாவை வைத்தேன். முறை அதுதான்.

"அது வேண்டாம்மா." அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தேதி போட்டா, தெரிஞ்சிருந்தும் விட்டுட்டேன்னு சொல்லுவாவ. இன்னைக்குத் தேதி போடுங்க. இன்னைக்குத்தான் தெரியும்னு இருக்கட்டும்."

இறந்து இரண்டு வருடமான மனிதருக்கு, வயது முப்பத்தெட்டு என்று எழுதிய சீட்டில், அன்றைய ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் போட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். மை காயும் வரை ஊதினார். பிறகு பச்சைச் சீட்டோடு சேர்த்து உறைக்குள் வைத்து, ஊருக்குப் போவதற்காக எடுத்துவைத்திருந்த பையின் அடியில் வைத்தார்.